அசையும் படகின் காவல்

காவல் என்பது கண்ணின் தொழில் என்றே பலரும் கருதுகின்றனர். உயர்ந்த இடத்தில் நின்று, உறங்காத விழியோடு, தொலைவில் வருவதைப் பார்த்திருப்பவனே காவலன் என்பது நம் மனத்தில் படிந்துவிட்ட ஓவியம். கோல சிலாங்கூரில் உள்ள மலாவாத்திக் குன்று அந்த ஓவியத்திற்குப் பொருத்தமான இடம். ஆறு கடலோடு கூடும் பகுதியில் எழுந்து நிற்கும் அக்குன்றின்மேல் ஒரு காலத்தில் சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை இருந்தது. 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர்; அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டுக்கொண்டார். 1907ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் இன்றும் அங்கே நின்று மலாக்கா நீரிணையை நோக்கிக்கொண்டிருக்கிறது.

அக்குன்றிற்குச் சற்றுத் தொலைவில், சிலாங்கூர் ஆற்றங்கரையின் மரத்துறை ஒன்றில், என் அண்ணனின் படகு கட்டப்பட்டிருக்கிறது. கோட்டைக்குப் பொருந்திய காவல் முறை படகுக்குப் பொருந்தாது என்னும் உண்மையை அந்தச் சிறிய படகே எனக்குக் கற்பித்தது. அப்பாடம் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படக்கூடியது என்று கருதுவதாலேயே இதனை எழுதத் துணிகிறேன்.

அண்ணன் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, கண்ணாடியிழையால் ஆன 19 அடிப் படகு ஒன்றை வாங்கினார். தூண்டில் போட விரும்புவோரைக் கழிமுகம் வரை அழைத்துச் சென்று வருவார். வருவாய் பெரிதன்று. ஆயினும், ‘உழைத்துத்தான் உண்கிறேன்’ என்னும் நிமிர்வை அந்தப் படகு அவருக்கு அளித்து வந்தது.

2022ஆம் ஆண்டில் ஒருநாள் இரவு, படகின் பின்பலகையில் மாட்டியிருந்த 40 குதிரைத்திறன் இஞ்சின் களவு போயிற்று. அத்தகைய இஞ்சின் ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ளது. கருவிகளோடு வரும் இருவர் அதனைச் சில நிமிடங்களில் கழற்றித் தம் படகில் ஏற்றிக்கொண்டு இருளில் மறைந்துவிட இயலும். அண்ணன் கடன் பட்டு வேறோர் இஞ்சின் வாங்கினார். அன்று முதல் இரவுகளில் படகிலேயே படுக்கத் தொடங்கினார்.

அவர் 2020ஆம் ஆண்டில் இதய அடைப்பிற்குச் சிகிச்சை பெற்றவர்; அறுபதைக் கடந்தவர். கொசுவும் பனியும் மழையும் சூழ்ந்த ஆற்றின்மேல் அவர் தனியே கிடப்பதை எண்ணி அண்ணியும் உறங்கவில்லை. “படகைக் காப்பாத்தப் போயி இவரை எடுத்துக் குடுத்திருவோமோன்னு பயமா இருக்கு தம்பி” என்று அண்ணி ஒருநாள் என்னிடம் கூறினார். ஆகவே, நாங்கள் காக்க வேண்டியிருந்தது படகை மட்டுமன்று. அண்ணனின் உறக்கத்தையும் உயிரையுந்தான்.

கைப்பேசிக்குப் படம் அனுப்பும் கேமரா ஒன்றைப் படகில் பொருத்தலாம் என்று அண்ணனின் மகன் யோசனை கூறினான். நகரத்துக் கடை ஒன்றிலிருந்து ஆள் வந்து, படகின் கூரைக் கம்பத்தில் கேமராவை மாட்டி, ஆற்றையும் கரையையும் நோக்கித் திருப்பிவிட்டுச் சென்றார். ‘யார் வந்தாலும் தெரியும்’ என்பது அவர் அளித்த உறுதிமொழி.

அவ்வுறுதிமொழி வேண்டியதற்கு மேலேயே நிறைவேறியது. கொக்கு வந்தது தெரிந்தது. குரங்கு வந்தது தெரிந்தது. நீரில் மிதந்துவந்த மட்டை தெரிந்தது. வேற்றுப் படகு கடந்து செல்ல, அதன் அலையில் எங்கள் படகு ஆட, கரையே நடந்துவருவதுபோல் கேமராவுக்குத் தோன்றியது. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கை நாடி வந்த பூச்சிகள், அதன் கண்ணருகே பறந்தபோது பேருருவங்களாயின. அப்பூச்சிகளை நாடிச் சிலந்தியும் வந்து வலை பின்னியது. காற்றில் ஆடிய ஒவ்வோர் இழையும் கள்வனாகக் கணக்கிடப்பட்டது. ஓர் இரவில் நாற்பது முறைக்கு மேல் கைப்பேசி ஒலித்தது. அண்ணன் நான்காம் நாள் அதன் ஒலியை நிறுத்திவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மீண்டும் படகுக்குச் சென்றுவிட்டார்.

பள்ளியில் இருப்போர்க்கு இந்நிலை புதிதன்று. ஆசிரியர் வகுப்பில் இல்லாதபோது, ‘பேசுபவர் பெயரை எழுது’ என்று வகுப்புத் தலைவனிடம் சொல்லிச் செல்கிறோம். ஆர்வம் மிகுந்த சிறுவனாயின், இருமியவன், அழிப்பான் கேட்டவன், சன்னலைப் பார்த்தவன் என்று கரும்பலகை நிறைய எழுதி வைத்துவிடுவான். முப்பது பெயர்களைக் கண்ட ஆசிரியர் என்ன செய்வார்? பலகையைத் துடைத்துவிடுவார். உண்மையாகவே அடுத்தவனை அடித்தவன் பெயரும் அத்தோடு அழிந்துபோகும். எல்லாவற்றையும் சொல்லும் காவல், எதையும் சொல்லாத காவலுக்கு ஒப்பானது.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் எச்சரிக்கை மணி பொருத்தும் தொழில் செய்து வருகிறார். அவரை அழைத்துச் சென்று படகைக் காட்டினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் துறையில் அமர்ந்து படகையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “ஐயா, வீட்ல எதுவும் அசையாது, அதனால அசையறதைப் பிடிச்சாப் போதும். இங்க எல்லாமே அசையுது. அசையக் கூடாதது எது எதுன்னு முதல்ல எழுதிக்குவோம்” என்றார்.

ஆசிரியன் தன் மாணவனிடம் பாடம் கேட்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நாங்கள் ஒரு தாளில் எழுதினோம். இஞ்சின் பின்பலகையை விட்டு நீங்கக் கூடாது. பேட்டரிப் பெட்டியின் மூடி இரவில் திறக்கக் கூடாது. படகு துறையை விட்டு அகலக் கூடாது. படகின் அடியில் நீர் உயரக் கூடாது. இந்நான்கே அடங்கிய பட்டியல் அது. நான்காவதை எழுதும்போது அண்ணன் தலையசைத்தார். கள்வன் என்றோ ஒருநாள் வருபவன். நீரோ நாள்தோறும் வந்து காத்திருப்பது. சிறு படகுக்கு முதற் பகை நீரே என்பதை ஆற்றில் வாழ்பவர் அறிவர்.

முதல் வேலையாகக் கேமராவைத் திருப்பினோம். ஆற்றை நோக்கியிருந்த அதன் கண், கூரைக் கம்பத்திலிருந்து கீழே படகின் தளத்தையும் இஞ்சினையும் மட்டும் காணுமாறு அமைத்தோம். வியப்பு யாதெனில், அக்கணமே எல்லாம் அசைவற்று நின்றுவிட்டன. கேமராவும் படகோடு சேர்ந்தே ஆடுகிறது. ஆதலால், வெளியே நோக்கினால் உலகம் ஆடுகிறது. உள்ளே நோக்கினால் படகு ஆடுவதே இல்லை! ஓடும் பேருந்தில் அமர்ந்திருப்பவனுக்கு அருகில் இருப்பவன் அசையாதவனாகவும் வெளியே உள்ள மரங்கள் ஓடுவனவாகவும் தோன்றுவதை அறிவியல் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். அதே உண்மைதான் இங்கே காவலாயிற்று.

அடுத்து, இஞ்சினைப் பலகையோடு இறுக்கும் திருகுகளின் வழியே மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தினோம். அதில் எந்நேரமும் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். திருகைக் கழற்றக் கம்பியை அறுத்தாக வேண்டும். அறுத்தால் மின்னோட்டம் நிற்கும். நின்றால் சைரன் ஒலிக்கும். அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853ஆம் ஆண்டில் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்று இணைந்து மணி ஒலிக்கும் முறை அவருடையது. அத்தகைய அமைப்பில் கள்வன் முன்கூட்டியே கம்பியை வெட்டிவிட்டால் மணி ஊமையாகிவிடும். மூடிய சுற்று முறையில் வெட்டுவதே மணியை ஒலிக்கச் செய்கிறது. காவலனின் வாயைப் பொத்த முயலும் கையே அவனைக் கூவ வைக்கிறது.

பேட்டரிப் பெட்டியின் மூடியில் ஒரு சிறு காந்தமும், அதன் எதிரே காந்தத்தால் இயங்கும் சுவிட்சும் வைத்தோம். படகின் இருப்பிடத்தைத் துணைக்கோள் வழியாக அறியும் கருவிக்கு 40 மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஒன்றை எல்லையாகக் கொடுத்தோம். முழுமதி, மறைமதி நாள்களில் அக்கழிமுகத்தில் நீர் வெகுவாக ஏறி இறங்கும். கயிற்றின் நீளத்திற்கேற்பப் படகு இங்குமங்கும் விலகும். கருவியின் கணக்கிலும் சில மீட்டர் பிசகு உண்டு. வட்டம் சிறிதாயின் ஓதமே கள்வனாகிவிடும். மிகப் பெரிதாயின் கள்வன் வெகுதூரம் சென்ற பிறகே தெரியும்.

நீருக்கு இரண்டு மிதவைச் சுவிட்சுகளைப் பொருத்தினோம். கீழே உள்ளது நீர் சேர்ந்ததும் பம்பை இயக்கும். நீர் வடிந்ததும் தானே நிறுத்தும். மேலே உள்ளது, பம்பு பழுதாகியோ அடைபட்டோ நீர் உயர்ந்தால் மட்டும் எங்களை அழைக்கும். இதன் தேவையை ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு கணக்காகவே கொடுத்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். படகின் திறந்த பரப்பு 7 சதுர மீட்டர்; ஓர் இரவில் 100 மில்லிமீட்டர் மழை. படகில் சேரும் நீர் எவ்வளவு? எழுநூறு லிட்டர், அதாவது எழுநூறு கிலோ. “ஐயா, அது பத்துப் பேர் ஏறி உட்கார்ந்த மாதிரி!” என்றாள் ஒரு மாணவி. கணக்கு உயிர் பெற்ற வகுப்பு அது.

மற்றொரு கணக்கும் செய்தோம். கருவிகள் அனைத்தும் சேர்ந்து சராசரியாக 4 வாட் மின்சாரம் கொள்ளும் எனில், ஒரு நாளைக்கு 96 வாட் மணி. 12 வோல்ட் பேட்டரியில் அது 8 ஆம்பியர் மணி. பேட்டரியின் கொள்ளளவு 60 ஆம்பியர் மணி. ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே, 30 ஆம்பியர் மணியே நமக்கு உரியது. வெயிலே இல்லாவிடினும் மூன்று நாள் தாங்கும். கூரைமேல் வைத்த 50 வாட் சூரியத் தகடு, நல்ல நாளில் அன்றன்றைய செலவை ஈடுகட்டி மிச்சமும் வைக்கும். வரவறிந்து செலவு செய்யாத வீடு மட்டுமன்று, காவலும் நிலைக்காது.

உப்புக் காற்று செம்புக் கம்பியைப் பச்சையாக்கித் தின்றுவிடும். ஆதலால், வெள்ளீயம் பூசிய கம்பிகளையே பயன்படுத்தி, இணைப்புகளில் மசகு பூசினோம். பேட்டரியின் அருகிலேயே பியூஸ் வைத்தோம். மலேசியாவில் 2021ஆம் ஆண்டின் இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டதால், மலிவாகக் கிடைத்த பழைய கருவிகளை விடுத்து, 4ஜி கருவியையே வாங்கினோம். கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றினோம். 2016ஆம் ஆண்டில், தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களும் பிற கருவிகளும் பல்லாயிரக்கணக்கில் கயவர் கைப்பட்டு, இணையத்தைத் தாக்கும் படையாக மாறிய செய்தியை உலகம் அறியும். காவலனே களவுக்குத் துணை போகாமல் காப்பதும் காவலின் கடமையன்றோ?

இத்தனைக்குப் பின்னும் ஒரு கேள்வி எஞ்சியது. கருவி அழைத்தால் யார் செல்வது? நானோ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறேன். அண்ணன் மகன் இரவு வேலைக்குச் செல்பவன். நள்ளிரவில் அண்ணனே ஓட வேண்டுமெனில், இத்தனை ஏற்பாடும் எதற்கு?

துறைக்கு மிக அருகில் ஒரு மலாய்க்கார மீனவர் குடியிருக்கிறார். அண்ணனினும் மூத்தவர். கேமரா முதலில் ஆற்றை நோக்கியிருந்த நாள்களில் அவர் எங்களோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணத்தைப் பிறகுதான் கூறினார். “உங்கள் கேமரா என் படகையும் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தது? நான் எப்போது போகிறேன், எவ்வளவு மீனோடு வருகிறேன் என்பதெல்லாம் யாருக்கோ படமாகப் போகிறதே என்று எண்ணினேன்” என்றார். கேமரா இப்போது எங்கள் படகுக்குள் மட்டுமே நோக்குவதைக் கைப்பேசியில் காட்டினோம். அவர் உற்றுப் பார்த்தார், பிறகு சிரித்தார். “இஞ்சின் போன அன்று நான் ஊரில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்” என்றார். தம் கைப்பேசி எண்ணை அவராகவே கொடுத்தார்.

அதன்பின் ஒழுங்கு ஒன்றை வகுத்துக்கொண்டோம். திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருப்பின் அதனைத் தெளியலாம் என்றும் கூறுகிறார். அரசர்க்குச் சொன்ன அறிவுரை படகுக்காரர்க்கும் பொருந்திற்று. கேமரா மட்டும் எதையேனும் கண்டால், படத்தை ஓசையின்றிச் சேமித்து வைக்கும். கம்பி, மூடி, எல்லை வட்டம் ஆகியவற்றுள் ஒன்று கேமராவின் சொல்லோடு ஒத்தால் சைரன் ஒலிக்கும். எங்கள் நால்வர்க்கும் அழைப்பு வரும். கம்பி அறுந்தாலும் மேல் மிதவை உயர்ந்தாலும் மட்டும் வேறு சாட்சி வேண்டியதில்லை. நாற்பது முறை ஒலித்த கைப்பேசி, அதன்பின் வந்த இரண்டு மாதங்களில் ஒருமுறைகூட வீணாக ஒலிக்கவில்லை.

ஆயினும், அமைதி எப்போதும் நலத்தின் அறிகுறியன்று. காவலன் பேசாதிருப்பது ஒன்றும் நிகழாமையாலா, அவன் மாண்டுபோனமையாலா? முன்கட்டணச் சிம் அட்டையில் பணம் தீர்ந்தாலும் கருவி ஊமையாகிவிடும். இதற்குப் பள்ளி வழக்கம் ஒன்றே மருந்தாயிற்று. நாள்தோறும் காலை ஏழு மணிக்குக் கருவி, பேட்டரியின் அழுத்தத்தோடு ஒரு செய்தி அனுப்பும். அதுவே அதன் வருகைப் பதிவு. 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சென்று பார்க்க வேண்டும். செய்தியே வராவிட்டால் உடனே பார்க்க வேண்டும். வராத மாணவனைப் பற்றியல்லவா ஆசிரியர் முதலில் வினவுகிறார்?

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓர் இரவு. மேற்குக் கரையில் மழை வலுக்கும் காலம். விடியற்காலை மூன்று மணியளவில் மேல் மிதவையின் அழைப்பு எனக்கு வந்தது. படத்தைத் திறந்தேன். மழைக்கோடுகளின் ஊடே படகின் தளம் நீரில் பளபளத்தது. பெரியவரின் எண்ணுக்கு அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. அண்ணனின் எண்ணோ வேறோர் அழைப்பில் இருந்தது. அந்தச் சில நிமிடங்கள் மிக நீண்டவையாக இருந்தன. பின்னர்ப் படத்தில் கைவிளக்கின் ஒளி ஒன்று அசைந்தது. மழைச் சட்டை அணிந்த உருவம் ஒன்று குனிந்து, பம்பின் வாயை அடைத்திருந்த இலைகளை எடுத்து ஆற்றில் வீசுவதைக் கண்டேன். சிறிது நேரத்தில் நீர் இறங்கத் தொடங்கிற்று.

அண்ணனும் அழைப்பைக் கேட்டு எழுந்திருக்கிறார். சட்டையை மாட்டிக்கொண்டே பெரியவரை அழைத்திருக்கிறார். “நான் உன் படகில்தான் நிற்கிறேன். நீ தூங்கு” என்று மறுமுனையிலிருந்து விடை வந்ததாம். “அப்படியே மறுபடி படுத்துட்டேன் தம்பி. விடிஞ்சதே தெரியல” என்று காலையில் என்னிடம் சொன்னார். அருகில் நின்ற அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அப்பெரியவரின் படகிலும் அதே போன்ற மிதவை ஒன்றை என் மாணவர் பொருத்திக் கொடுத்தார். அவர் படகில் நீர் உயர்ந்தால் முதல் அழைப்பு அவர்க்கும், அடுத்த அழைப்பு அண்ணன் மகனுக்கும் வரும். துறையில் இன்னும் சிலர் இப்போது கேட்டு வருகின்றனர்.

கருவிகளைப் பழிப்போரும் உளர். அவற்றைத் தெய்வமாகத் தொழுவோரும் உளர். இரண்டும் தேவையில்லை. அகச்சிவப்பு ஒளியும் துணைக்கோளும் செய்யக்கூடியது, உண்மையை உரிய நேரத்தில் உரியவர்க்குச் சொல்வது ஒன்றே. அதற்கு அவற்றை நாம் பழக்க வேண்டும்: எது இயல்பு, எது தீங்கு என்று முதலில் நாம் தெளிய வேண்டும். ஆடுவதெல்லாம் குற்றமன்று; ஆடக் கூடாதது ஆடுவதே குற்றம். இத்தெளிவு வகுப்பறைக்கும் வேண்டும், இல்லத்திற்கும் வேண்டும். பிள்ளைகளின் ஒவ்வோர் அசைவையும் எண்ணிக்கொண்டிருப்பவர், அவர்களுள் ஒருவன் மெல்ல மூழ்குவதைக் காணாமல் விட்டுவிடக்கூடும்.

தெளிந்த செய்தி வந்தபின், மழையில் இறங்கி நடக்க ஒரு மனிதன் வேண்டும். அம்மனிதனை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. அவன் படகை நாம் மதித்திருந்தால், நம் படகுக்கு அவன் வருவான். இன்று காலையும் ஏழு மணிக்குச் செய்தி வந்தது: 12.6 வோல்ட். அண்ணன் அப்போது வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார்.